மானுக்குத் தீனி கொட்ட அனுமதிக்கும் சட்டத்தை நான் ஏன் எதிர்க்கிறேன்

மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதியில் அக்டோபர் மாதம் வண்டி ஓட்டிச் செல்பவர்கள், பெட்ரோல் நிலையங்களின் ஓரத்தில் கேரட், சர்க்கரை பீட், மக்காச்சோளம், ஆப்பிள் ஆகியவை பெரிய மூட்டைகளாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். இங்கே புதிதாகக் குடியேறும் நம்மவர்கள் அவற்றை மாட்டுத் தீவனம் என்றே எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அவை காட்டு மான்களுக்காக விற்கப்படுபவை. வேட்டைக்காரர் தாம் மறைந்து அமரும் இடத்திலிருந்து குறி பார்க்க வசதியான தூரத்தில் அந்தத் தீனியைக் கொட்டி வைப்பார். நாள்தோறும் வந்து தின்று பழகிய மான், நவம்பர் 15 அன்று துப்பாக்கி வேட்டைப் பருவம் தொடங்கியதும் அதே இடத்துக்கு அதே நேரத்துக்கு வந்து நிற்கும்.

இந்த முறையைச் சட்டம் அனுமதிக்கலாமா கூடாதா என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தீராமல் கிடக்கும் வழக்கு. ஆண்டுக்கு ஆண்டு யாரேனும் ஒரு சட்டமன்ற உறுப்பினர் தடையை நீக்கும் மசோதாவைக் கொண்டுவருகிறார். வேட்டைக்காரர்களிலேயே ஒரு பகுதியினர் ஆதரிக்க, மறுபகுதியினர் எதிர்க்கின்றனர். நான் எதிர்க்கும் பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர். வேட்டைக்கு எதிரான ஆள் என்று என்னை யாரும் நினைத்துவிட வேண்டாம். ஓநாயும் மலைச்சிங்கமும் துடைத்தெறியப்பட்ட நிலப்பரப்பில் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது வேட்டைக்காரர்கள்தான். அவர்கள் இல்லாவிட்டால் காடுகளின் இளங்கன்றுகளும் விவசாயிகளின் வயல்களும் தப்பாது. தீனி கொட்டுவது முறையான வேட்டையா, மானுக்குத் தப்ப வாய்ப்புக் கொடுக்கிறதா என்ற அறக்கேள்விக்குள்ளும் நான் இங்கே நுழையப் போவதில்லை. என் எதிர்ப்பு ஒரே காரணத்தைச் சார்ந்தது. தீனிக் குவியல், நோயைப் பரப்புவதற்கென்றே திட்டமிட்டு அமைத்த இடம்போல் வேலை செய்கிறது. அதன் விளைவை அந்தக் குவியலைக் கொட்டியவர் மட்டும் அனுபவிப்பதில்லை.

முதலில் மாட்டுக் காசநோயின் கதையைச் சொல்ல வேண்டும். அதில் ஆதாரம் மிகவும் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் இன்றைய விவாதங்களில் அதை யாரும் நினைவூட்டுவதில்லை. 1975-இல் மிச்சிகனின் அல்கோனா மாவட்டத்தில் வேட்டையாடப்பட்ட மான் ஒன்றுக்கு மாட்டுக் காசநோய் இருந்தது. தனி நிகழ்வு என்று அது விடப்பட்டது. 1994-இல் பக்கத்து மாவட்டமான அல்பீனாவில் இன்னொரு மான் கிடைத்தது. அடுத்த ஆண்டு முறையாகத் தேடியபோது, நோயின் மையப் பகுதியில் சோதிக்கப்பட்ட மான்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 நோயுற்றிருந்தன. அதுவரை வட அமெரிக்காவின் காட்டு மான்களிடம் இந்நோய் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பதிவாகியிருந்தது. மாடுகளிடமிருந்து எப்போதாவது ஒரு மானுக்குத் தொற்றும், ஆனால் மான்களுக்குள்ளேயே தொடர்ந்து பரவி நிலைக்காது என்பதே கால்நடை மருத்துவர்களின் பொதுவான எண்ணமாக இருந்தது.

மிச்சிகனின் வடகிழக்கில் மட்டும் அது எப்படி நிலைத்தது? அந்தப் பகுதி பெரிய வேட்டைக் கழகங்களின் நிலம். மண் வளம் குறைவு, குளிர்காலம் கடுமை. இயற்கையாக விட்டிருந்தால் அந்த மண் தாங்கக்கூடிய மான்கள் குறைவாகவே இருந்திருக்கும். ஆனால் குளிர்காலத்தில் மான்கள் சாகாமலிருக்கவும், வேட்டைப் பருவத்தில் அவை தம் எல்லையை விட்டு அகலாமலிருக்கவும், கழகத்தார் பல பத்தாண்டுகளாக லாரி லாரியாகத் தீனி கொண்டுவந்து கொட்டினர். மான்கள் அளவுக்கு மீறிப் பெருகின; பெருகிய மான்கள் ஒரே குவியலைச் சுற்றி மூக்கோடு மூக்கு உரசி நின்றன. காசநோய்க் கிருமிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள தேசிய விலங்கு நோய் ஆய்வு மையத்தில் இதைச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். நோயுற்ற மானும் நலமான மானும் ஒன்றையொன்று தொடாமல், தீனியை மட்டும் பகிர்ந்துகொள்ளும்படி வைத்தபோது, நலமான மானுக்கும் நோய் தொற்றியது. வேட்டைக்காரர்கள் வழக்கமாகக் கொட்டும் கேரட், பீட், ஆப்பிள், சோளம் ஆகியவற்றின் மீது கிருமி எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறது என்றும் பார்த்தார்கள். குளிரில் அது வாரக்கணக்கில் உயிரோடிருந்தது. மிச்சிகனின் நவம்பரும் டிசம்பரும் அத்தகைய குளிர் கொண்டவைதான்.

நோய் மானோடு நின்றுவிடவில்லை. 1998-இல் அப்பகுதியின் மாட்டுப் பண்ணை ஒன்றில் அது கண்டறியப்பட்டது. 2000-இல் மிச்சிகன் மாநிலம் காசநோயற்ற மாநிலம் என்ற தகுதியை இழந்தது. அதன் பிறகு மாநிலத்தில் மாட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல ஒவ்வொரு விவசாயியும் சோதனைச் சான்றுகளோடு அலைந்தார். இன்றுவரை 80-க்கும் மேற்பட்ட மாட்டு மந்தைகளில் நோய் காணப்பட்டிருக்கிறது. மாடு வளர்த்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு மந்தையை இழப்பது என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தக் குடும்பத்தார் யாரும் காட்டில் தீனி கொட்டவில்லை. வேலிக்கு அப்பால் வேறொருவர் பல ஆண்டுகளாகச் செய்த செயலின் விலையை அவர்கள் செலுத்தினார்கள். நோயுற்ற மானை அறுக்கும்போது கையில் ஏற்பட்ட காயம் வழியாக வேட்டைக்காரர் ஒருவருக்கே தொற்றிய நிகழ்வும் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

நோய் கண்ட பகுதியில் 1998 முதல் தீனி வைப்பதற்குத் தடைகள் வந்தன. மான்களின் எண்ணிக்கையும் வேட்டையின் மூலம் குறைக்கப்பட்டது. மையப் பகுதியில் நூற்றுக்கு 5 என்றிருந்த நோய் விகிதம் சில ஆண்டுகளில் 2 அளவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே அது இறங்க மறுக்கிறது. தடைக்குப் பிறகும் கள்ளத்தனமாகத் தீனி கொட்டுவோர் இருப்பது அதற்கு ஒரு காரணம். அல்கோனா, அல்பீனா, மான்ட்மொரன்சி, ஆஸ்கோடா என்ற நான்கு மாவட்டங்களும் நோய் கண்டு 30 ஆண்டுகள் கடந்த பின்பும் காசநோய்க் கட்டுப்பாட்டு வளையத்துக்குள்ளேயே இருக்கின்றன. மூக்கோடு மூக்கு உரசிப் பரவும் நோயைத் தடுப்பதைவிட, பரவிய பின் துடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நீண்ட பாடம் எந்த மாநிலத்துக்கும் கிடைத்ததில்லை.

காசநோய்க் கிருமி குறைந்தபட்சம் ஓர் உயிர். வெயிலும் காலமும் அதைக் கொன்றுவிடும். இரண்டாவது நோய் அப்படியல்ல. மானின் உடல் படிப்படியாக மெலிந்து, தலை தாழ்ந்து, வாயில் உமிழ்நீர் ஒழுக, திக்குத் தெரியாமல் அலைந்து சாகச் செய்யும் நாள்பட்ட நலிவு நோய் அது. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ஆய்வுக்காக அடைத்து வளர்க்கப்பட்ட மியூல் மான்களிடம் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அது ஊட்டக்குறைவு என்றோ அடைபட்ட விலங்கின் மன அழுத்தம் என்றோதான் கருதப்பட்டது. எலிசபெத் வில்லியம்ஸ் என்ற கால்நடை நோயியலாளர்தான் இறந்த மான்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, செம்மறியாட்டின் ஸ்கிரேபி நோயைப் போல மூளைத் திசுவில் துளைகள் விழுந்திருப்பதைக் கண்டறிந்தார். இதை உண்டாக்குவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல; பிரியான் எனப்படும், தவறாக மடிந்த புரதம். தன்னைத் தொட்ட நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே தவறாக மடியச் செய்து அது பெருகுகிறது. இந்தக் கருத்தை முன்வைத்த ஸ்டான்லி புரூசினருக்கு 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசி இல்லை, மருந்து இல்லை, பிழைத்த மானும் இல்லை.

தீனிக் குவியல் பற்றிய விவாதத்தில் இந்நோயின் மூன்று இயல்புகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. நோயுற்ற மானின் உமிழ்நீரிலேயே தொற்றும் தன்மையுள்ள பிரியான் இருக்கிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் இதை மெய்ப்பித்தார்கள். சிறுநீரிலும் சாணத்திலும்கூட அது வெளியேறுகிறது. அடுத்ததாக, மான் மெலியத் தொடங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பிரியானை வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே தம் குவியலுக்கு வரும் மான்கள் கொழுகொழுவென்று நலமாக இருப்பதாக ஒரு வேட்டைக்காரர் சொல்லும்போது, அவர் பொய் சொல்லவில்லை. அவரால் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான். கடைசி இயல்புதான் என்னை இரவில் தூங்கவிடாதது. பிரியான் மண்ணில் நிலைக்கிறது. களிமண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்குகிறது. நோயுற்ற மான்கள் அடைக்கப்பட்டிருந்த தொழுவத்தைக் காலியாக்கி, 2 ஆண்டுகளுக்கு மேல் சும்மா விட்டுவைத்து, பிறகு நலமான மான்களை உள்ளே விட்டபோது அவற்றுக்கும் நோய் வந்தது என்று கொலராடோவில் நடந்த சோதனை 2004-இல் வெளியானது. ஐஸ்லாந்தில் ஸ்கிரேபி நோய் கண்ட ஆட்டுப் பண்ணை ஒன்றில் தொற்று குறைந்தது 16 ஆண்டுகள் நிலைத்திருந்ததற்கு ஆதாரம் இருக்கிறது.

இப்போது ஒரு தீனிக் குவியலைக் கற்பனை செய்து பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி இடம். நாள்தோறும், வாரக்கணக்கில், அதே இடத்தில் புதிய தீனி. ஒரு மான் பீட்டைக் கடித்துப் பாதியில் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்த மான் வந்து அந்த எச்சிலைத் தின்கிறது. கீழே சிந்தியதை மண்ணோடு சேர்த்து நக்குகிறது. நின்ற இடத்திலேயே சாணமும் சிறுநீரும் கழிக்கிறது. வேட்டைப் பருவம் முடிந்து, வேட்டைக்காரர் ஊர் திரும்பி, பனி உருகி, புல் முளைத்த பின்பும் அந்தப் பத்தடி மண்ணில் தொற்று இருக்கக்கூடும். இது வெறும் ஊகம் என்று சொல்பவர்களுக்கு விஸ்கான்சினில் நடந்த ஆய்வைச் சுட்டிக்காட்டுவேன். மான்கள் உப்புச் சுவைக்காகக் கூடி நக்கும் 11 இடங்களின் மண்ணை எடுத்துச் சோதித்தபோது 9 இடங்களில் பிரியான் இருந்தது. 2018-இல் அது வெளியானது. மான்களை ஓரிடத்தில் கூட்டிவைப்பது எதுவானாலும், உப்புக்கட்டியானாலும் சோளமானாலும், நடப்பது ஒன்றுதான். நார்வேயில் 2016-இல் கலைமான்களிடம் இந்நோய் கண்டதும் அந்நாட்டு அரசு நூர்ஃபியெல்லா மலைப்பகுதியின் ஒரு கூட்டத்தையே, 2000-க்கும் மேற்பட்ட கலைமான்களை, முழுவதுமாக அழித்தது. செம்மறியாடுகளுக்காக வைக்கப்பட்ட உப்புக்கட்டிகளில் கலைமான்களும் வந்து கூடுவதுதான் அங்கே எழுந்த முதற்கவலைகளில் ஒன்று.

விஸ்கான்சின் அனுபவத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. 2002 பிப்ரவரியில் மவுண்ட் ஹோரெப் அருகே வேட்டையாடப்பட்ட மூன்று மான்களிடம் நோய் உறுதியானது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுவே முதல் முறை. உடனே மாநிலம் முழுவதும் தீனி வைப்பது தடை செய்யப்பட்டது. ஆனால் அடுத்த ஆண்டே எதிர்ப்பு வலுத்து, தடை மாவட்ட அளவுக்குச் சுருங்கியது. இன்றைய சட்டப்படி நோய் கண்ட மாவட்டத்தில் 3 ஆண்டுகள் தடை. நோய் கண்ட இடத்திலிருந்து 10 மைல் சுற்றுக்குள் வரும் பக்கத்து மாவட்டத்தில் 2 ஆண்டுகள். அதற்குள் புதிதாக நோய் காணப்படாவிட்டால் தடை தானாகவே காலாவதியாகும். 16 ஆண்டுகள் மண்ணில் நிலைக்கக்கூடிய ஒன்றுக்கு எதிராக 3 ஆண்டுக் கெடு வைப்பதற்கு அறிவியல் காரணம் எதையும் நான் காணவில்லை. நோய் காணப்படவில்லை என்பதற்கும் நோய் இல்லை என்பதற்கும் உள்ள தூரத்தையும் இந்தச் சட்டம் மறந்துவிடுகிறது. மாவட்டத்தில் எத்தனை மான்களின் தலைகள் சோதனைக்கு வந்தன என்பதைப் பொறுத்தே காண்பதும் காணாததும் அமையும். சோதனை குறைந்தால் தடை விரைவில் நீங்கும் என்ற நிலைமை, தீனி வைக்க விரும்புவோரைத் தலையை ஒப்படைக்காமலிருக்கத் தூண்டுகிறது.

இதற்கிடையே தென்மேற்கு விஸ்கான்சினின் சில பகுதிகளில் முதிர்ந்த ஆண்மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோயுற்றவை என்ற நிலை வந்துவிட்டது. மான் கூட்டம் இதைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பியவர்களுக்கு வயோமிங் மாநிலம் பதில் சொன்னது. அங்கே கான்வர்ஸ் மாவட்டத்தில் நோய் மிகுந்த வெள்வால் மான் கூட்டம் ஆண்டுக்கு 10 விழுக்காடும், மியூல் மான் கூட்டம் ஆண்டுக்கு 21 விழுக்காடும் குறைந்துவந்ததாக 2016, 2017-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வேட்டை மரபைக் காப்பதற்காகவே தீனி வேண்டும் என்று வாதிடும் நண்பர்கள் இந்த எண்களோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மிச்சிகனின் காட்டு மான்களுக்கு, என் வீட்டருகே, நோய் வந்தது 2015-இல். லான்சிங் நகரை ஒட்டிய மெரிடியன் டவுன்ஷிப்பில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் வாழும் குடியிருப்புகள் நிறைந்த பகுதியில், நோய்க்குறிகளுடன் அலைந்த ஒரு பெண்மானுக்கு அது உறுதியானது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீனி வைப்பது வேட்டைக்காரர்களின் பழக்கம் மட்டும் அல்ல. கொல்லைப்புறத்தில் வந்து நிற்கும் மானுக்கு ஆப்பிளும் ரொட்டியும் போடுவது நம்மவர் வீடுகளிலும் உண்டு. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் போடுவது புண்ணியம் என்றே நாம் வளர்ந்தோம். எங்கள் தெருவில் மூத்த அம்மா ஒருவரிடம், “அம்மா, மானுக்குப் போடாதீங்க, இங்கே அது சட்டத்துக்குப் புறம்பு, மானுக்கும் கெடுதல்” என்று சொன்னபோது அவர் முகம் வாடிப்போனது. “குளிர்ல அதுங்க என்னத்தப்பா திங்கும்?” என்று கேட்டார். கேள்வியில் இருந்த கருணையை மறுக்க முடியாது. ஆனால் குளிர்காலத்து மானின் வயிறு மரச்சுள்ளிகளையும் மொட்டுகளையும் செரிக்கப் பழகியிருக்கும் வயிறு. திடீரென்று சோளத்தையோ ரொட்டியையோ வயிறு நிறையத் தின்றால் இரைப்பையில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்த நிலையிலேயே அது செத்துப்போகும். இதை நான் விளக்கியதும் அவர் நிறுத்திவிட்டார். எங்கள் தெருவில் நான் கண்டவரை, நோயின் கதையைச் சொன்னால் கேட்காதவர்கள் குறைவு. அவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

2017 இலையுதிர்காலத்தில் மான்ட்காம், கென்ட் மாவட்டங்களில் நோய் அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டபின், மாநில இயற்கை வளங்கள் ஆணையம் 2018 ஆகஸ்டில் கூடி, மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பம் முழுவதிலும் தீனி வைப்பதைத் தடை செய்யத் தீர்மானித்தது. 2019 ஜனவரி 31 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தடையை நீக்கும் மசோதாவை நிறைவேற்றின. டிசம்பரில் ஆளுநர் கிரெட்சன் விட்மர் அதில் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். அவருடைய முடிவை நான் முழுமனத்தோடு வரவேற்றேன், இன்றும் வரவேற்கிறேன். கட்சி அரசியல் அதற்குக் காரணமல்ல. 1996 நவம்பரில் மிச்சிகன் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில், வேட்டையின் முறைகளை முடிவுசெய்யும் அதிகாரத்தை இந்த ஆணையத்திடம் ஒப்படைத்து, அந்த முடிவுகள் அறிவியல் அடிப்படையில் இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பளித்திருந்தார்கள். அதைக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் வேட்டைக்காரர்கள் முன்னணியில் இருந்தார்கள். அறிவியல் தங்களுக்குச் சாதகமாக இருந்தபோது ஏற்றுக்கொண்ட ஏற்பாட்டை, அது சுமையாக மாறியதும் தள்ளிவைக்கக் கூடாது.

தடையை எதிர்ப்பவர்களின் வாதங்களை நான் அசட்டை செய்யவில்லை. அவற்றில் வலுவானது முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் பற்றியது. காட்டில் மைல்கணக்கில் நடந்து மானைத் தேட முடியாதவருக்குத் தீனி ஒன்றே வழி என்கிறார்கள். என்னோடு வேலை செய்யும் வேட்டைக்கார நண்பரின் தந்தை சக்கர நாற்காலியில் இருப்பவர். அவருக்காக நண்பர் பேசும்போது எனக்கு உடனே மறுத்துப் பேச வாய் வரவில்லை. ஆனால் தடை விதித்த ஆணையமே இதற்கு வழி வைத்தது. ஊனமுற்ற வேட்டைக்காரர்களுக்கென்று செப்டம்பரிலும் அக்டோபரிலும் நடக்கும் சிறப்பு வேட்டை நாட்களில், இரண்டு கேலன் அளவு மட்டும், அதுவும் மான் ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய சோள மணி, கோதுமை போன்ற தீனியை மட்டும் வைக்கலாம் என்றது. கடித்து மிச்சம் வைக்கும் பீட்டும் ஆப்பிளும் கூடாது. நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய விதி இது. குறிப்பிட்ட சிலரின் தேவைக்காக, குறிப்பிட்ட சில நாட்களுக்கு, ஆபத்தைச் சுருக்கி அனுமதிப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தச் சிலரின் பெயரைச் சொல்லி இலட்சக்கணக்கானவர்களுக்குப் பருவம் முழுவதும் கதவைத் திறந்துவிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மான்கள் எப்படியும் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும், வயலில் கூடி மேயும், பிறகு தீனியை மட்டும் தடுத்து என்ன பயன் என்பது அடுத்த வாதம். ஒரு தாய்மானும் அதன் பெண்வழிக் குட்டிகளும் ஒரு குடும்பமாகத் திரியும். அக்குடும்பத்துக்குள் நெருக்கம் இருப்பது உண்மை. ஆனால் உறவில்லாத குடும்பங்கள் பொதுவாக ஒன்றையொன்று தவிர்த்தே வாழும். அவற்றை ஒரே பத்தடிக்குள் இழுத்துவந்து நிறுத்துவது குவியல்தான். ஐந்து ஏக்கர் வயலில் மேயும் இருபது மான்கள் ஒரே கவளத்துக்குப் போட்டியிடுவதில்லை. தின்று தீர்ந்த செடியின் இடத்தில் மறுநாள் காலை புதிய மூட்டையை யாரும் கொட்டுவதுமில்லை.

தடை விதித்த இடங்களிலும் நோய் பரவத்தானே செய்கிறது என்று கேட்பார்கள். ஆம், பரவுகிறது. தடை மட்டுமே நோயை நிறுத்திவிடும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் இல்லினாய்ஸையும் விஸ்கான்சினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே எல்லை. இரண்டிலும் 2002-இல் நோய் கண்டறியப்பட்டது. இல்லினாய்ஸ் தீனி வைப்பதை மாநிலம் முழுவதும் தடை செய்ததோடு, நோய் கண்ட இடங்களில் தேர்ந்தெடுத்து மான்களைக் குறைக்கும் பணியையும் விடாமல் தொடர்ந்தது. விஸ்கான்சின் 2007-ஐ ஒட்டி அந்தப் பணியைக் கைவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இல்லினாய்ஸில் நோய் விகிதம் நூற்றுக்கு 1 அளவிலேயே நிற்க, விஸ்கான்சினில் அது 5 அளவுக்கு ஏறியதாக 2014-இல் வெளியான ஒப்பீடு காட்டியது. இதில் பெரும்பங்கு மான் குறைப்புப் பணிக்கே உரியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒருபக்கம் மான்களைக் குறைத்துக்கொண்டே மறுபக்கம் எஞ்சியவற்றைத் தீனி போட்டுக் கூட்டிச்சேர்ப்பது, செய்கிற வேலையைத் தானே அழிப்பதாகும்.

பொருளாதார வாதம் ஒன்று உண்டு. கேரட்டும் பீட்டும் விற்கும் விவசாயிகளின் வருமானம். அது உண்மையான இழப்புதான். காசநோயால் மந்தை இழந்த விவசாயியின் இழப்போடு ஒப்பிட்டு எடைபோட வேண்டியதும் அதுதான். தடை வந்தபின்பும் மூட்டைகளை விற்பதற்குச் சட்டத்தில் தடையில்லை என்பதால், கொட்டக் கூடாத மாவட்டத்தில்கூட அவை தாராளமாகக் கிடைக்கின்றன. சட்டம் ஒரு கையால் தடுப்பதை இன்னொரு கையால் அனுமதிக்கும் இந்த ஓட்டையை அடைக்காமல், தடையால் பயனில்லை என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. அலபாமா மாநிலம் இன்னொரு வழியில் போனது. 2019-இல் அது தீனி வைப்பதற்கென்று தனி உரிமச் சீட்டையே விற்கத் தொடங்கியது. 2022 ஜனவரியில் அங்கும் நலிவு நோய் கண்டறியப்பட்டது. உரிமச் சீட்டால்தான் நோய் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் நோய் வந்து சேர்ந்தபோது, பணம் கட்டிப் பழகிய ஒரு பழக்கத்தை நோய் மண்டலத்துக்குள் நிறுத்தச் சொல்ல வேண்டிய நிலையில் அந்த மாநிலம் இருந்தது.

மனிதர்களுக்கு இந்நோய் வருமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். இதுவரை மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு ஒன்றும் பதிவாகவில்லை. நோய் கண்ட மானின் இறைச்சியைத் தின்ன வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. சமைப்பதால் பிரியான் அழியாது. பிரிட்டனில் 1986-இல் மாடுகளிடம் கண்டறியப்பட்ட, ‘மேட் கவ்’ எனப்படும் பிரியான் நோய் மனிதருக்கு வராது என்று நம்பியிருந்தபோதுதான், 1996-இல் அது மனிதருக்கும் வந்திருப்பது தெரியவந்தது. நண்பர் தரும் மான் இறைச்சியை, அந்த மானின் தலையிலிருந்து எடுத்த நிணநீர் முடிச்சின் சோதனை முடிவு வந்த பிறகே நாங்கள் சமைக்கிறோம். அவரும் சோதனைக்கு அனுப்பாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. தீனி விஷயத்தில் நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் ஒத்துப்போகவில்லை. இப்போது அவர் ஓடையோரத்து ஓக் மரங்களின் கீழ், ஓக் கொட்டை விழும் இடமாகப் பார்த்து உட்காருகிறார். முன்னைவிட அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்றும், மான்கள் பகலில் நடமாடுவதை முன்னைவிட அதிகம் பார்ப்பதாகவும் சொல்கிறார்.

தடையை நீக்கும் முயற்சி ஒரு முறை தோற்றதால் ஓய்ந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். என் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதிய கடிதத்தில் நான் கேட்டுக்கொண்டது இவ்வளவே. வேட்டை முறைகளை முடிவுசெய்யும் அதிகாரம் வாக்காளர்கள் ஒப்படைத்த ஆணையத்திடமே இருக்கட்டும். ஊனமுற்றோருக்கான விதிவிலக்கைக் காப்பாற்றுங்கள், அதன் எல்லையையும் காப்பாற்றுங்கள். மான் தலைகளைச் சோதிக்கும் நிதியைக் குறைக்காதீர்கள். நோய் கண்ட மாவட்டத்தில் தீனி கொட்ட அனுமதிக்கும் பிரிவு எந்த மசோதாவில் இருந்தாலும் அதற்கு எதிராக வாக்களியுங்கள். அந்தப் பிரிவைக் கொண்டுவருபவர்களிடம், பிரியான் ஊறிய மண்ணைத் தூய்மையாக்கும் பொறுப்பையும் செலவையும் யார் ஏற்பார்கள் என்று மசோதாவிலேயே எழுதும்படி கேளுங்கள்.